புளியங்கொட்டை நிறம்

அம்மாச்சி இறந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குள் படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட வேண்டும் என்று மாமா ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ, எதற்கோ மனுப் போட எடுத்தது. ஸ்டுடியோக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கலராப் போட்டுக் குடுத்திருதேன் அண்ணாச்சி" என்றார். மாமா தலையாட்டினார்.

நான்கு நாளில் படம் வந்தது. பாம்படம் தொங்கிய காதும் வெற்றிலை அடக்கிய கன்னமும் அம்மாச்சியுடையவை. தோல் வேறு யாருடையதோ. சந்தனமும் ரோஸும் கலந்த ஒரு நிறம். அம்மா அதைப் பார்த்து, "மகராசி மாதிரி இருக்காளே" என்று அழுதாள். அந்தப் படம்தான் சிவகாசி வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கியது. அம்மாச்சி என்ன நிறத்தில் இருந்தாள் என்பதற்கு எங்கள் வீட்டில் வேறு சாட்சியே இல்லாமல் போயிற்று.

இருபது வருடத்துக்கு மேலாகக் கருத்த பெண்களை மட்டுமே வரைகிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் இந்தப் படத்தின் கதையைத்தான் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியும், வீட்டில் பெட்டி ஒட்டியும் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியவள் அவள். அவளுடைய தோலின் நிறத்தை நாங்களே அழித்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் பிரஸ்ஸுக்குப் போய் நிற்பேன். சோதனைக்கு அச்சடித்த புரூஃப் தாள்கள் காயும். மகாலட்சுமி, சரஸ்வதி, முருகன், வள்ளி தெய்வானை. ஒரு நாள், "இவுக எல்லாரும் ஏம்ப்பா ஒரே கலரு?" என்று கேட்டேன். அப்பா பொறுமையாகச் சொன்னார்: நான்கு மை. மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் தோல் வந்துவிடும். அந்தத் தோல் எவ்வளவு கருக்கும் என்பதைச் சியான் என்கிற நீலப்பச்சை மைதான் முடிவு செய்யும். சியானைக் குறைத்தால் ரோஸ் ஏறும். "பார்ட்டி புரூஃபைப் பார்த்ததும் மொதல்ல சொல்றது அதத்தான். மூஞ்சி டல்லா இருக்கு, சியானக் குறைங்க."

கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஏறின. அந்த ஓவியர்களின் கைத்திறன் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு. துணி மடிப்பும் நகை வேலையும் அவர்களைப் பார்த்துத்தான் படித்தேன். அவர்களுக்கும் முன்னால், 1894ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தெய்வங்களை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியிலேயே தெய்வத்தின் தோலுக்கு ஒரு நிறம் படிந்துவிட்டது. மீனாட்சி பச்சையாக இருக்கலாம், கிருஷ்ணன் நீலமாக இருக்கலாம். பெயரிலேயே கருமை உள்ள காளிகூட நீலமாகத்தான் வருகிறாள். மனுஷிக்கு உள்ள கருப்பு மட்டும் எந்தத் தாளிலும் வரவில்லை. கூடத்தில் அப்படி ஒரு காலண்டர் தொங்கும்போது, பக்கத்தில் மாட்டும் அம்மாச்சியின் படத்தையும் அதே நிறத்தில் போட மாமா தலையாட்டியதில் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்காவில் வெள்ளையரல்லாத பெண்களைச் சேர்த்துச் சொல்ல 'நிறமுள்ள பெண்கள்' என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது. முதலில் கேட்டபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. எங்களூரில் கலர் என்றாலே வெளுப்பு. 'பொண்ணு நல்ல கலரு' என்பார்கள். 'கொஞ்சம் கலரு கம்மி' என்பார்கள். சிவப்பு என்ற சொல்லையும் அதற்கே கொடுத்துவிட்டோம். தூரிகை எடுத்து வேலை செய்தபின்தான் இந்தப் பேச்சு எவ்வளவு தப்பு என்று எனக்குப் புரிந்தது. ஒரு கருத்த முகத்தை வரைய என் தட்டில் எட்டு வண்ணம் வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் தோல் வண்ணம் சொல்லிக்கொடுத்த விதத்தில் வெளுத்த தோல்தான் அடிப்படை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு கலக்க வேண்டும். கருத்தவர் என்றால் அதிலேயே பழுப்பைக் கூட்டி, நிழலுக்குக் கருப்பைச் சேர்க்க வேண்டும். நானும் அப்படித்தான் போட்டேன். வந்த முகங்கள் எல்லாம் சாம்பல் பூசியது மாதிரி இருந்தன. ஒரு ஆசிரியர், கருத்த தோலில் நுணுக்கம் காட்ட முடியாது, மாடலை மாற்று என்றார். அதை நம்பி ஒரு வருடம் வீணாக்கினேன். இப்போது என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாக வேண்டும். அதனால் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கேன்வாஸ். வெள்ளைக் கேன்வாஸில் எந்தக் கருத்த வண்ணத்தை வைத்தாலும் உள்ளதைவிடக் கருப்பாகத் தெரியும். பயந்துபோய் நாமே வெளுக்க ஆரம்பித்துவிடுவோம். எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளையோ பர்ண்ட் சியன்னா என்ற செம்பழுப்பையோ டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுதும் பூசி, காயவைத்துவிட்டு அதன்மேல் தொடங்குங்கள். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே பாதிச் சாம்பல் போய்விடும்.

அடுத்தது, டியூபில் வரும் கருப்பு. அதை நிழலுக்கு அப்படியே எடுக்காதீர்கள். பர்ண்ட் அம்பர் என்ற அடர் பழுப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தால் ஆழமான கருமை கிடைக்கும். அம்பர் கூடினால் சூடு, நீலம் கூடினால் குளிர்ச்சி. தாடைக்கு அடியில் ஒன்று, கண்குழியில் இன்னொன்று என்று நகர்த்திக்கொண்டே போகலாம். காது மடல், மூக்கு நுனி, உதடு, விரல் முட்டி ஆகிய இடங்களில் ரத்தம் தெரியும். அங்கே அலிஸரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு கொஞ்சம். மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற பெண் என்றால் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய பச்சை கலந்த பொன்னிறம் இருக்கும். தெற்கத்திக் கிராமங்களில் வயதான பெண்களிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். ஓக்கரில் ஒரு துளி நீலம் போதும்.

டியூப் கருப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1955ல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்ற மூன்று கருப்புகளை வைத்து, அவற்றோடு மற்ற வண்ணங்களைச் சேர்த்து, கருப்பினத்தவரின் தோலைக் கருப்பாகவே வரைகிறார். கருப்புக்குள் எத்தனை கருப்பு இருக்கிறது என்பது அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும். மிஷெல் ஒபாமாவின் உருவப்படத்தை வரைந்த ஏமி ஷெரால்ட் தோலைச் சாம்பல் நிறத்திலேயே வைக்கிறார். அந்தப் படம் 2018ல் வாஷிங்டனில் திறக்கப்பட்டது. இருவரும் தெரிந்து எடுத்த முடிவுகள் அவை. எனக்கு வந்த சாம்பல் தெரியாமல் வந்தது. அந்த வித்தியாசத்தை உணர எனக்கு நாளாயிற்று.

இனி வெளிச்சம். வெளுத்த தோலில் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய்ச் சிதறித் திரும்பும். அதனால் நிழல் இறங்குவது மெல்லத் தெரியும். கருத்த தோலில் உள்ளே போனதில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மேல்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்தான் கன்ன எலும்பையும் மூக்குத் தண்டையும் காட்டும். தெறித்து வருவது தோலின் நிறத்தோடு வராது, வெளிச்சத்தின் நிறத்தோடு வரும். ஜன்னல் வழியாக வானம் தெரிந்தால் நெற்றியில் நீலம் விழும். விளக்கடியில் உட்கார்ந்திருந்தால் மஞ்சள். சிவப்புச் சேலை கட்டியிருந்தால் தாடைக்கடியில் சிவப்பு. அந்த மினுக்கத்தை வெறும் டைட்டானியம் வெள்ளையால் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டாமல் நிற்கும். நீலச்சாம்பலோ வெளிர் ஓக்கரோ கலந்து வைத்தால் தோல் உயிர் பெறும். முதன்முதலாக ஒரு சித்தியின் நெற்றியில் அந்த நீலத்தை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்த மாலை இப்போதும் நினைவிருக்கிறது. அவள் நெற்றியில் வியர்வை இருந்தது, வெளியே வானம் இருந்தது, இரண்டும் படத்துக்குள் வந்திருந்தன.

மாடலை உட்காரவைக்க ஒரே ஒரு பெரிய ஜன்னல் போதும். நேர் வெயில் வேண்டாம். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் இருட்டில் இருக்கிற கன்னமும் பேச ஆரம்பிக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதாக இருந்தால் பியூட்டி மோடை நிறுத்திவிடுங்கள். அது கேட்காமலே வெளுக்கும். கருத்த முகம் திரையை நிறைத்தால் கேமரா தானாகவே பிரகாசத்தைக் கூட்டும். அதனால் முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். போட்டோவில் இருந்து நிறத்தை எடுக்கவே கூடாது என்பது என் கட்டாயம். நிறத்துக்கு நான் செய்வது வேறு. ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளில் கலந்த வண்ணத்தை ஒரு விரலகலம் தடவி, அந்தப் பெண்ணின் கைக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்திருக்கும் அதே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். வண்ணம் எது, கை எது என்று சட்டென்று பிரிக்க முடியாமல் போனால் கலவை சரி.

அம்பர் கலந்த இடங்கள் காய்ந்ததும் மங்கி வெளிறிப்போகும். புதிதாக வரைபவர்கள் இதைப் பார்த்து நிறம் தவறிவிட்டது என்று மறுபடி பூசுவார்கள். பூச வேண்டாம். லின்சீட் எண்ணெயில் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைன் கலந்து, துணியால் மெல்லத் தேய்த்துத் துடைத்தெடுத்தால் பழைய ஆழம் திரும்பும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வார்னிஷ்.

சரி, வண்ணம் கைவந்தது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

நான் வரைந்த முதல் பத்துப் பன்னிரண்டு படங்களில் எல்லாப் பெண்களும் உழைத்துக் களைத்திருந்தார்கள். இடுப்பில் குடம், தலையில் விறகு, சாயம் போன சேலை, தரையைப் பார்க்கும் கண். டெல்லியில் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் படங்களைப் பார்த்துவிட்டு வந்த தாக்கம் அதில் நிறைய உண்டு. 1937ல் தெற்கே பயணம் போய் வந்தபின், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்களை வரைந்தார் அவர். அந்தக் கருமையை அவ்வளவு அன்போடு ஒருவர் வரைந்திருப்பதைப் பார்த்து நான் அந்த அறையை விட்டு நகரவே இல்லை. ஆனால் அவருடைய பெண்களின் முகத்தில் ஒரு சோகம் தேங்கி நிற்கும். நிறத்தோடு சேர்த்து அந்தச் சோகத்தையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் ஒரு அக்கா மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து கொடுத்தார். படம் முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏந்தாயி, எங்கிட்ட நல்ல சேலை ஒண்ணு இல்லைன்னா நெனச்ச?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆபீஸுக்குக் கட்டும் சேலையோடு வாருங்கள் என்று சொன்னவள் நான்தான். அவரே தொடர்ந்தார். "எம்மவ கல்யாணத்துக்கு எடுத்த பட்டு இருக்கு. மூணு வாரம் வந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தா கட்டிட்டு வந்திருப்பேன்ல."

அடுத்த ஞாயிறு அரக்குப் பட்டோடு வந்தார். எப்படி உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையைக் கைப்பிடிமேல் போட்டு, நேராக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வரைய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இன்றுவரை நான் வரைந்ததில் அதுதான் நல்ல படம் என்று நினைக்கிறேன். கருத்த பெண் என்றால் ஏழை, ஏழை என்றால் சோகம் என்று என் கை தானாக ஓடிக்கொண்டிருந்ததை அவர்தான் நிறுத்தினார். அன்று முதல் உடையையும் உட்காரும் விதத்தையும் எதிரே இருப்பவரிடமே விட்டுவிடுகிறேன். ஒரு நாள் கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுவேன். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்து, காபி குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் போதும். படத்தை எங்கெல்லாம் காட்டப்போகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பெயரும் முக்கியம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், 1800ல் மாரி-கியமின் பெனுவா என்ற பெண் ஓவியர் வரைந்த ஒரு கருப்பினப் பெண்ணின் படம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லாமல், இனத்தை மட்டும் சொல்லும் தலைப்போடுதான் அது இரு நூற்றாண்டுகள் தொங்கியது. 2019ல் நடந்த ஒரு கண்காட்சியில்தான் 'மாத்லேனின் உருவப்படம்' என்று அவள் பெயரால் அதை அழைத்தார்கள். அதைப் படித்த அன்று என் பழைய படங்களை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். 'கூலிப்பெண்', 'குடத்துடன் பெண்' என்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொருவரிடமும் கேட்டு, சம்மதித்தவர்களின் முழுப்பெயரைப் பின்புறம் பென்சிலால் எழுதினேன். இரண்டு பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான எழுத்தாக இருக்காது. கையில் காசில்லாத ஒரு வருடத்தில் கல்யாணப் பரிசாக மணமக்களை வரையும் வேலை வந்தது. மணப்பெண் நல்ல மாநிறத்துக்கும் கீழே. முக்கால்வாசி முடித்துக் காட்டியபோது, பெண்ணை மட்டும் ரெண்டு ஷேடு ஏற்றிவிடுங்கள் என்றார்கள். ஏற்றிக்கொடுத்தேன். படத்தை வாங்கிக்கொண்ட அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அம்மாச்சிக்கு ஸ்டுடியோவில் நடந்ததை நானே இன்னொருத்திக்குச் செய்திருந்தேன். அதற்குப் பிறகு வேலைக்கு ஒப்புக்கொள்ளும் தாளிலேயே, தோலின் நிறம் உள்ளபடிதான் இருக்கும், மாற்றித் தர இயலாது என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். அந்த வரியால் சில வேலைகள் போயின. போகட்டும்.

விற்காது என்று சொல்பவர்களுக்கு ஓவியர் எஸ். இளையராஜாவைத்தான் காட்டுவேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நம் ஊர்ப் பெண்களை அடுப்படி வெளிச்சத்திலும் கதவிடுக்கில் விழும் வெயிலிலும் அவர்களுடைய நிறத்திலேயே வரைந்தவர். 2021ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. தெருவில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தோன்றும் முகங்கள் அவை. அந்தப் படங்களைத் தேடிப்போய் வாங்கினார்கள் மக்கள்.

நம் பழைய கவிதையும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரை அதற்கு உவமை சொல்வார்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமையைப் பசலை தின்றுவிடுகிறது, அவள் வெளிறிப்போகிறாள். வெளிறுவது அங்கே துயரத்தின் அடையாளம். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. பின்னால் ஒரு சித்திரை மாதத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்து தளிரின் நிறத்தைக் கலந்து பார்த்தேன். பர்ண்ட் சியன்னா, அலிஸரின், கொஞ்சம் அம்பர், மினுக்கத்துக்கு நீலம். எங்கள் சித்திகளின் கைக்கு நான் கலக்கும் அதே கலவை.

அம்மாச்சியைத் திரும்ப வரைய வேண்டும் என்று முடிவு செய்தது மூன்று வருடத்துக்கு முன்னால். கையில் இருந்த அந்தச் சின்ன போட்டோ கருப்பு வெள்ளை, உருவத்துக்கு மட்டும்தான் உதவும். நிறத்துக்கு ஆளாளிடம் கேட்டேன். அம்மா புளியங்கொட்டை என்றாள். மாமா கருப்பட்டி என்றார். பெரிய சித்தி யோசித்துவிட்டு, "வெயில்ல நின்னா கருப்பட்டி, வீட்டுக்குள்ள புளியங்கொட்டை" என்றாள். அப்புறம் தன் முழங்கையை மடக்கிக் காட்டி, "இந்த இடம் அப்படியே அம்மா கலரு" என்றாள். மற்ற இருவரும் குனிந்து பார்த்து ஆமாம் என்றார்கள். பிளாஸ்டிக் தாளை அந்த முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கலந்தேன். ஒரு தட்டில் புளியங்கொட்டையும் கருப்பட்டித் துண்டும் பக்கத்திலேயே இருந்தன.

படம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பாதான் முதலில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார், புரூஃப் பார்ப்பது மாதிரி. "சியான் சரியா இருக்கு" என்றார். அம்மா எதுவும் பேசவில்லை. பழைய படத்தில் இருந்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து, "வெத்தல போட்ட ஒதடு இப்படியா இருக்கும்? இன்னும் கொஞ்சம் செவப்பு வையி" என்றாள்.

பெட்டியைத் திறந்து அலிஸரினை எடுத்தேன். அம்மா பக்கத்தில் நின்று, போதும் என்று சொல்லும்வரை வைத்தேன்.